மூலம்னு சொல்லி மூடி வைக்காதீங்க

இந்த மாத நலப் பாடத்துக்குக் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயத்தை எடுத்திருக்கிறேன். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். பேசாமலேயே இருந்ததால் எங்கள் குடும்பம் ஓர் ஆளை இழந்தது. அதனால் முகம் சுளிக்காமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

என் தாய்மாமா லோரி ஓட்டியவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் போகிற வழியில் பசியாறி, மத்தியானம் எங்கேயோ சாப்பிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அவருக்கு 47 வயது இருக்கும்போது, வெளிக்குப் போனால் இரத்தம் தெரிய ஆரம்பித்தது. அத்தையிடம் மட்டும் சொன்னார். அத்தை எங்கம்மாவிடம் சொன்னார். எங்கம்மா என்னிடம் கேட்டாங்க. நான் அப்போது தாதியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக்கே நான்தான் பெரிய டாக்டர்! "நாள் முழுக்க லோரியில உட்கார்ந்திருந்தா மூலம் வரத்தானேம்மா செய்யும். தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க, காரத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

மாமா ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கேயும் மூலம் என்றுதான் சொன்னார்கள். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டு லேகியம், சீன மருந்துக் கடைக் கஷாயம் என்று போனது. நடுவில் இரண்டு மாதம் இரத்தம் நின்றுவிட்டது. "பாத்தியா, மருந்து கேக்குது" என்று சந்தோஷப்பட்டார்கள். இப்படியே பதினான்கு மாதம். பிறகு ஒருநாள் தலைசுற்றி, லோரியைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கூட வந்தவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால், இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது மலக்குடலில் கட்டி. ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள். நான்காம் கட்டம். அப்போது மாமாவுக்கு 48. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் இல்லை.

நான் இன்று ஓர் அரசு ஆஸ்பத்திரியில், குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் பிரிவில் தாதியாக இருக்கிறேன். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமா கதையைப் போல ஒரு கதை இல்லாமல் அங்கே ஒரு வாரம் போவதில்லை. ஆள் மாறும், ஊர் மாறும், "மூலம்னு நெனச்சேன் மிஸ்ஸி" என்கிற வார்த்தை மட்டும் மாறாது.

ஏன் பெருங்குடல்?

செரிமானப் பாதை வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிறது. உணவுக்குழாய், இரைப்பை, குடல் எல்லாம் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. கல்லீரலும் கணையமும் பக்கத்திலிருந்து வேலை செய்கின்றன. இவற்றில் எதிலும் புற்று வரலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி முன்கூட்டிப் பிடிக்க முடியாது. கணையப் புற்று ரொம்ப மோசம். ஆழத்தில் ஒளிந்திருக்கும், எல்லாருக்கும் செய்யத்தக்க முன்பரிசோதனை அதற்குக் கிடையாது. கல்லீரல் புற்றுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று ஹெப்படைடிஸ் பி கிருமி. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆகவே உங்களில் பெரும்பாலோர் தொட்டிலிலேயே அந்த வேலையை முடித்துவிட்டீர்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, அவர்கள் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்றொரு கிருமி குடியேறிப் புண்ணையும், சிலருக்குப் புற்றையும் உண்டாக்கும். மூச்சை ஊதிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம், மருந்தால் ஒழித்துவிடலாம். தீராத நெஞ்செரிச்சல் என்று மாதக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பெருங்குடல் புற்றை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது நமக்கு அவகாசம் கொடுக்கிற நோய். அந்த அவகாசத்தை நாம்தான் வீணடிக்கிறோம்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உள்சுவர் வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்கும். வயதாக ஆக அந்தச் சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதை மொட்டுகள் முளைக்கும். பாலிப் என்று சொல்வார்கள். சிலது கடுகு அளவு, சிலது காளான் மாதிரிக் காம்போடு தொங்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஒரு சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து குணம் மாறிப் புற்றாகும். அப்படி மாறுவதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடிக்கும். பத்து ஆண்டு! இந்த இடைவெளியில் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால், அந்த மொட்டைக் குழாய் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, வர இருந்த நோயை வரவிடாமலே செய்வது இது.

அந்த வாய்ப்பைத் தவறவிட்டால்தான் கட்டக் கணக்கு வருகிறது. முதல் கட்டத்தில் கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருக்கும். இரண்டாவதில் சுவர் முழுக்க ஊடுருவியிருக்கும். மூன்றாவதில் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கும். நான்காவதில் கல்லீரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புகளுக்கு. அமெரிக்கக் கணக்கின்படி, குடலோடு நிற்கும்போது பிடித்தால் நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். தூர உறுப்புக்குப் போன பிறகு அது சுமார் பதினைந்துதான்.

இப்போது நம் நாட்டைப் பாருங்கள். மலேசிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையில், ஆண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுக்குத்தான். பெண்களுக்கு மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம். அதைவிட வருத்தமானது, இந்த நோயோடு வருகிறவர்களில் பத்தில் ஏழு பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள். பத்தாண்டு அவகாசம் கொடுக்கிற நோய்க்கு இது!

"சீனர்களுக்குத்தானே அதிகம் வரும்" என்று ஒருவர் நம் கூட்டத்தில் கேட்டார். உண்மைதான், அந்த அறிக்கையிலும் சீனர்களிடையே விகிதம் அதிகம். அதற்காக நமக்கு வராது என்று அர்த்தம் இல்லை. இந்திய ஆண்களிடையேயும் இது முன்வரிசையில் இருக்கும் புற்றுநோய்.

ஒரு குச்சி, ஒரு சின்னப் போத்தல்

புற்றும் பெரிய பாலிப்பும் அவ்வப்போது கசியும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் மலத்தோடு கலந்து வரும். அதைக் கண்டுபிடிக்கிற சோதனைதான் நம் அரசாங்க கிளினிக்குகளில் ஐஎஃப்ஓபிடி என்று சொல்வது. சிங்கப்பூரில் ஃபிட் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். மலேசியாவில் 50 முதல் 75 வயது வரை, எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் இதைச் செய்துகொள்ளலாம். சிங்கப்பூரில் 50 வயதாகிவிட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இந்தச் சாதனத்தை இலவசமாகக் கொடுக்கிறது. வீட்டிலேயே எடுத்து, தபாலில் அனுப்பிவிடலாம்.

எப்படி எடுப்பது என்று விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் போத்தலை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். போத்தலின் மூடியோடு ஒரு மெல்லிய குச்சி இருக்கும். மலம் தண்ணீரில் விழக்கூடாது. பேசினில் தாளை விரித்துப் பிடிக்கலாம். குந்தி உட்காரும் கழிவறையாக இருந்தால் பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும் (அப்புறம் அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அம்மா கழுவி ஊறுகாய் போட்டுவிடப் போகிறார்). குச்சியின் நுனியால் மேற்பரப்பில் நாலைந்து இடத்தில் சுரண்டினால் போதும். அள்ளி எடுக்கத் தேவையில்லை. குச்சியைத் திரும்பப் போத்தலில் செருகி மூடி, பேரையும் தேதியையும் எழுதி, தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் காரில் வைக்கக்கூடாது. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் இரண்டு வெவ்வேறு நாளில் இரண்டு மாதிரி கேட்பார்கள். பழைய முறைச் சோதனையில் இறைச்சி சாப்பிடக்கூடாது என்று பத்தியம் இருந்தது. இப்போது அது கிடையாது, இந்தச் சோதனை மனித இரத்தத்தை மட்டுமே பார்க்கிறது.

ஒருமுறை செய்து "இல்லை" என்று வந்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். கட்டி தினமும் கசியாது. அன்றைக்குக் கசியாவிட்டால் சோதனை அதைத் தவறவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஒருமுறை.

"இருக்கிறது" என்று வந்தால்? இங்கேதான் இன்னொரு கூட்டம் காணாமல் போய்விடுகிறது. பயத்தில் அடுத்த பரிசோதனைக்கு வருவதே இல்லை. அந்த விடைக்குப் புற்று என்று அர்த்தமில்லை, இரத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படி வந்தவர்களில் ஒரு சிலருக்குத்தான் புற்று இருக்கும். நிறைய பேருக்குப் பாலிப் இருக்கும், சிலருக்கு நிஜமாகவே வெறும் மூலம்தான் இருக்கும். ஆனால் எது என்று கொலோனோஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். "இன்னொரு தடவை அதே டெஸ்ட்டு பண்ணிப் பாக்கலாமே" என்று கேட்பார்கள். கூடாது. இரண்டாம் முறை இல்லை என்று வந்தாலும் முதல் விடை பொய்யாகாது.

கொலோனோஸ்கோப்பியைப் பற்றிக் காப்பிக் கடையில் பேசுகிற கதைகளைக் கேட்டால் எனக்கே பயம் வரும். நடப்பது இதுதான். இரண்டு மூன்று நாள் நார் குறைந்த சாப்பாடு. முதல் நாள் குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துத் தண்ணீர், லிட்டர் கணக்கில். உண்மையைச் சொல்கிறேன், அதுதான் மோசமான பகுதி. மறுநாள் கையில் ஊசி போட்டு மயக்க நிலையில் வைத்துவிடுவார்கள். விரல் பருமன் குழாய், முனையில் கேமரா. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலோர் எழுந்து "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். குடலில் ஓட்டை விழுகிற ஆபத்து உண்டு, ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கிற மாதிரி அரிது.

இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால்

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் போத்தல் சோதனை, ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே இரத்தம் போகிறவர் போத்தலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

மூலத்துக்கும் புற்றுக்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். நான் முடியும் என்று நினைத்துத்தான் மாமாவுக்கு வைத்தியம் சொன்னேன். பொதுவாக மூல இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலத்தின் மேலோ தாளிலோ இருக்கும். ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டியும் அதே மாதிரிதான் கசியும். ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கலாம், கட்டியும் இருக்கலாம். அதனால் டாக்டர் கையுறை போட்டு விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. "டாக்டர், கொஞ்சம் பரிசோதிச்சுப் பாருங்க" என்று நாமே கேட்கலாம், அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. களிம்பு போட்டு இரண்டு மூன்று வாரத்தில் நிற்கவில்லை, அல்லது நின்று திரும்ப வருகிறது என்றால், மறுபடியும் போங்கள்.

குடலின் இடப்பக்கம் குறுகலானது. அங்கே கட்டி வந்தால் பழக்கம் மாறும். தினமும் சரியாகப் போகிறவருக்கு மலச்சிக்கல், அல்லது சிக்கலும் பேதியும் மாறி மாறி, போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி உணர்வு. வலப்பக்கம் அகலமானது, அங்கே வந்தால் ஒன்றுமே தெரியாது. மெதுவாக இரத்தம் குறையும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். "வயசாயிடுச்சு" என்பார்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது. இரத்தம் எங்கே போகிறது என்று வயிறு, குடல் இரண்டையும் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான், ஆனால் ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து என்ன பயன்?

மொழியும் ஒரு தடையாக இருக்கிறது. மகள் வயது டாக்டரிடம், அதுவும் மலாயில், இதை எப்படிச் சொல்வது என்று நம் பெரியவர்கள் வெட்கப்பட்டு "சாக்கிட் பெருட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். வயிற்றுவலி மாத்திரை கிடைக்கிறது. கூடப் போங்கள். "நாஜிஸ் பெர்டாரா" என்ற இரண்டு வார்த்தை போதும். எத்தனை வாரமாக, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று முன்பே ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு நேரம் குறைவு, தாள் பேசிவிடும்.

உங்களுக்கும் சேர்த்துத்தான்

"இது அம்பது வயசுக்காரங்க விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிளாக் பாந்தர் படத்தில் நடித்த சாட்விக் போஸ்மனை உங்களுக்குத் தெரியும். 2016ல் அவருக்குப் பெருங்குடல் புற்று மூன்றாம் கட்டத்தில் தெரியவந்தது. 2020ல் 43 வயதில் இறந்தார். அந்தப் படமே நடுவில் வந்ததுதான். உலகின் பல நாடுகளில் ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த நோய் கூடிவருகிறது. அதனால்தான் 2021ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தது. பயமுறுத்தவில்லை. இருபது, இருபத்தைந்து வயதில் இரத்தம் தெரிந்தால் அநேகமாக அது மூலமோ வெடிப்போதான். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம், இரண்டாம் ஆண்டு தாதி மாணவியும் சொல்ல வேண்டாம்.

இப்போது ஒரு பயிற்சி. ஒரு தாளை எடுத்து உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். நடுவில் நீங்கள், மேலே அப்பா அம்மா, அவர்கள் உடன்பிறந்தவர்கள், அதற்கும் மேலே தாத்தா பாட்டிகள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் என்ன நோய், எந்த வயதில் தெரிந்தது என்று எழுதுங்கள். "தோட்டத்துல இருந்தப்ப தாத்தா வயித்துக் கட்டியில போனாரு" என்று பாட்டி சொல்வார். அதையும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் வயிற்றுக் கட்டி என்றால் எதுவாகவும் இருக்கலாம், ஆனாலும் டாக்டருக்கு அது பயன்படும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்று வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து வருகிற வயதில், இரண்டில் எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ஒரே பக்கத்து உறவில் பலருக்கு, அதுவும் இளம் வயதில் வந்திருந்தால், பரம்பரையாக வருகிற வகை ஒன்று உண்டு. அதற்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும்.

மாமாவுக்குத் தெரிந்தது 48ல். அவர் மகனுக்கு இப்போது 22. இந்தக் கணக்கை நம் கிளை வகுப்பில் போட்டபோது அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கரும்பலகையில் 48 எழுதி, 10 கழித்து, 38 என்று எழுதினேன். அவன் கைப்பேசியை எடுத்து, பதினாறு வருஷம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வைத்தான். ஒன்றும் பேசவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்கு முன்னும் எழுதியிருக்கிறோம். சாசேஜ், ஹாட்டாக் மாதிரி பதப்படுத்திய இறைச்சி புற்றுக்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் அறிவித்தது. மது, சிகரெட், தொப்பை, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் பங்காளிகள். தைப்பூச விரதத்தில் வயிறு லேசாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். காய், பருப்பு, கீரை என்று நார்ச்சத்து போவதும் அதற்கு ஒரு காரணம். விரதம் முடிந்த மறுநாளே கணக்குத் தீர்க்கிற மாதிரி சாப்பிடாமல் இருந்தால் நல்லது. ஆனால் ஒன்று, சைவம் சாப்பிடுகிறவருக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் பிரிவுக்கு வருகிறவர்களில் ஆயுள் முழுக்க முட்டைகூடத் தொடாதவர்களும் உண்டு.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

இதுதான் பாடத்திலேயே கஷ்டமான பகுதி. வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி நடிக்கச் சொன்னேன். ஒருவர் மகன், ஒருவர் அப்பா.

"அப்பா, அம்பத்தஞ்சு ஆச்சு. கிளினிக்குல ஒரு டெஸ்ட்டு இருக்கு, வாங்க போவோம்."

"எனக்கு என்னடா கொறை? நல்லாத்தானே இருக்கேன்."

மகனாக நடித்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். நல்லா இருக்கிறவருக்கு எதற்கு டெஸ்ட் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. ஆனால் விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "நல்லா இருக்கறவங்களுக்குத்தான்பா இந்த டெஸ்ட்டு. நல்லா இல்லன்னா வேற டெஸ்ட்டு." இதைச் சொல்லிப் பாருங்கள்.

வேலையிலிருந்து வந்த களைப்பில் இருக்கும்போது பேசாதீர்கள். காரில் போகும்போது பேசலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வெட்கம் குறையும். அப்பா கேட்கவில்லை என்றால் அம்மா வழியாகப் போங்கள். அம்மா கேட்கவில்லை என்றால் பேரப்பிள்ளையை விடுங்கள். "எதாவது இருந்து தெரிஞ்சிட்டா?" என்று கேட்பார்கள். உண்மையான பயம் அதுதான், பணமோ வெட்கமோ அல்ல. அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான். அந்தப் பயத்துக்கு எதிராக வாதாட வேண்டாம். "நானும் கூட வரேன்பா" என்பதைத் தவிர அதற்கு நான் வேறு நல்ல பதிலைக் கண்டதில்லை. இளைஞர் கிளைகள் இதை ஒரு வேலையாகவே எடுக்கலாம். இரத்ததான முகாம் நடத்துகிறோம், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அதே பந்தலில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பேரைக் குறித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை கிளினிக்குக்கு முன்பதிவு கேட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போகலாமே. போத்தலைத் திரும்பக் கொடுத்தார்களா, விடை வந்ததா, அடுத்த சந்திப்புக்குப் போனார்களா என்று மூன்று மாதம் ஒரு நோட்டில் பார்த்து வர ஒருவர் வேண்டும். வேன் ஓட்ட ஆள் கிடைப்பார்கள், நோட்டுப் பிடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எங்கம்மாவிடம் பேச எனக்கே ஏழு மாதம் ஆயிற்று. மாமா போன துக்கம் ஒரு பக்கம். "என் தம்பிக்கு வந்தா எனக்கும் வரணுமா?" என்ற கோபம் ஒரு பக்கம். உடன்பிறந்தவருக்கு இருந்ததால் போத்தல் சோதனை வேண்டாம், நேராகக் கொலோனோஸ்கோப்பி என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் நெருங்கியதும் வயிற்றுவலி, தலைவலி, கோயில் வேலை என்று இரண்டு முறை தள்ளிப் போட்டார். மூன்றாம் முறை நான் லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். மருந்துத் தண்ணீரை ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு திட்டு.

இரண்டு பாலிப் இருந்தது. ஒன்று மிளகு அளவு. இன்னொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். இரண்டையும் அங்கேயே அறுத்து எடுத்தார்கள். சோதனைச்சாலையிலிருந்து விடை வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரியதில் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன, ஆனால் புற்று இல்லை. மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வருஷம் வருகிற மார்ச்சில் முடிகிறது. குளிர்பெட்டி மேலே மாட்டியிருக்கிற நாள்காட்டியில் அம்மாவே தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் சொன்னார்: "வரேன், வரமாட்டேன்னு சொல்லல. அந்தத் தண்ணிய மட்டும் வேற ருசியில குடுக்க மாட்டாங்களான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வை."